வீட்டைத் தொடர்வதா, ஆளைத் தொடர்வதா?

தான்சானியாவின் வடமேற்கு மூலையில், விக்டோரியா ஏரியின் மேற்குக் கரையில் இருக்கிறது ககேரா. 1991 முதல் 1994 வரை அங்கே 900-க்குச் சற்று அதிகமான குடும்பங்களிடம் உலக வங்கியும் தார் எஸ் சலாம் பல்கலைக்கழகமும் திரும்பத் திரும்பக் கணக்கெடுத்தன. எய்ட்ஸ் நோய்க்குப் பெரியவர்களைப் பறிகொடுத்த வீடுகள் எப்படிப் பிழைக்கின்றன என்பதே அப்போதைய கேள்வி. 2004-ல் ஆய்வாளர்கள் மறுபடி அங்கே போனார்கள். போவதற்கு முன்பே ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். பழைய பட்டியலில் பெயர் இருந்து, இன்னும் உயிரோடு இருப்பவர் யாராக இருந்தாலும், எந்த ஊருக்குப் போயிருந்தாலும் தேடிப் பிடித்துப் பேட்டி எடுப்பது என்பதே அந்த முடிவு. பக்கத்து ஊர், முவான்சா, தார் எஸ் சலாம், எல்லை தாண்டி உகாண்டா என்று அலைந்தார்கள். 900 சொச்சம் குடும்பங்கள் 2,700-க்கும் மேற்பட்ட குடும்பங்களாகக் கிளைத்திருந்தன.

அந்த அலைச்சலுக்குப் பலன் கிடைத்தது. கேத்லீன் பீகிள், யோவாகிம் டி வீர்ட், ஸ்டெஃபான் டெர்கோன் மூவரும் 2011-ல் வெளியிட்ட கட்டுரை, 1991-ல் ஒரே வீட்டில் இருந்தவர்களுக்குள்ளேயே ஒப்பிட்டுப் பார்த்தது. ஊரில் தங்கியவரைவிட வெளியூர் போனவரின் நுகர்வு வளர்ச்சி 36 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக இருந்தது. பழைய கதவுகளை மட்டும் தட்டிவிட்டுத் திரும்பியிருந்தால், அந்த வட்டாரத்தில் நடந்த மிகப் பெரிய மாற்றமே கணக்குக்கு வராமல் போயிருக்கும். தரவும் வந்திருக்கும், அட்டவணைகளும் வந்திருக்கும், ஆய்வேடும் ஏற்கப்பட்டிருக்கும். முடிவுதான் தவறாக இருந்திருக்கும்.

நீண்டகாலக் குடும்பக் கணக்கெடுப்பை ஆய்வுக்கு எடுக்கும் மாணவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதிலிருந்தே பிறக்கிறது. இரண்டாம் முறை போனபோது யாரைத் தேடினார்கள்? வீட்டையா, ஆளையா? கிளம்பிப் போனவரை எவ்வளவு தூரம் துரத்தினார்கள்? கேள்வித்தாளில் என்னென்ன இருக்கிறது என்று பார்ப்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஒரே குடும்பங்களிடம் திரும்பப் போகும் கணக்கெடுப்பை ஆய்வாளர்கள் பேச்சுவழக்கில் 'பேனல்' என்பார்கள். இந்த அத்தியாயத்தில் தொடராய்வு என்ற சொல் பயன்படுகிறது. ஒவ்வொரு முறை போய்வருவதும் ஒரு சுற்று. இந்தியாவில் 1950-ல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வு வேறு வகை. அது சுற்றுக்குச் சுற்று புதிய குடும்பங்களைத் தேர்ந்தெடுக்கிறது. நாட்டில் வறுமை எத்தனை சதவீதம், பத்தாண்டு முன்பு எத்தனை என்று தெரிந்துகொள்ள அதுவே சரியான கருவி. ஆனால் அன்று ஏழையாக இருந்தவர்தான் இன்றும் ஏழையா, அல்லது அவர் மீண்டு வேறொருவர் விழுந்துவிட்டாரா என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது. இரண்டுக்கும் அரசு செய்ய வேண்டிய காரியங்களே வேறு வேறு. அதனால் இதை வெறும் நுணுக்கம் என்று தள்ளிவிட முடியாது.

அமெரிக்காவில் இந்தக் கேள்வி 1960-களின் நடுவில் எழுந்தது. ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் வறுமை மீது போர் அறிவித்திருந்தார். ஏழைகள் ஏழைகளாகவே நிலைத்திருக்கிறார்களா என்று பார்க்க, 1968-ல் மிச்சிகன் பல்கலைக்கழகம் ஏறத்தாழ 4,800 குடும்பங்களைத் தேர்ந்தெடுத்துப் பின்தொடரத் தொடங்கியது. ஜேம்ஸ் மார்கன் என்ற பொருளியலாளர் அதற்குத் தலைமை ஏற்றார். அந்தத் தொடராய்வு இன்றும் நடக்கிறது. 1997 வரை ஆண்டுதோறும், பிறகு இரண்டாண்டுக்கு ஒருமுறை. அதன் ஆயுளுக்குக் காரணம் ஒரே ஒரு விதி. மூலக் குடும்பத்தில் இருந்தவரும் அவருக்குப் பிறந்தவரும் வீட்டை விட்டுப் போனால், அவர்கள் அமைக்கும் புதுக்குடித்தனமும் ஆய்வுக்குள் வந்துவிடும். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று மாதிரி தானாக வளர்கிறது.

அந்தத் தரவை வைத்து மேரி ஜோ பேனும் டேவிட் எல்வுட்டும் 1986-ல் எழுதிய கட்டுரையைத் தொடராய்வில் இறங்கும் எவரும் படித்தாக வேண்டும். வறுமையில் விழுபவர்களில் பெரும்பாலோர் ஓரிரு ஆண்டில் எழுந்துவிடுகிறார்கள் என்று அது காட்டியது. குறிப்பிட்ட ஒரு நாளில் ஏழைகளாக இருப்பவர்களில் பெரும்பாலோர் நீண்டகாலம் வறுமையில் கிடப்பவர்கள் என்றும் அதே தரவு காட்டியது. முரண்போலத் தோன்றும் இந்த இரண்டும் ஒருசேர உண்மை. பத்துக் கட்டில் போட்ட ஒரு மருத்துவமனைக் கூடத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒன்பது கட்டிலில் ஆண்டு முழுக்க அதே நாள்பட்ட நோயாளிகள். பத்தாவது கட்டிலில் வாரம் ஒருவர். ஆண்டு முழுவதும் வந்துபோனவர்கள் 61 பேர். அவர்களில் 52 பேர் ஒரே வாரத்தில் வீடு திரும்பியவர்கள். ஆனால் எந்த நாளில் எட்டிப் பார்த்தாலும் பத்தில் ஒன்பது பேர் நாள்பட்டவர்களே. வந்தவர்களை எண்ணுவதா, இருப்பவர்களை எண்ணுவதா என்பதைப் பொறுத்து கதை தலைகீழாகிறது. ஆய்வேட்டில் 'ஏழைகள்' என்று எழுதும் ஒவ்வொரு இடத்திலும் எந்த எண்ணிக்கை என்று சொல்லியாக வேண்டும்.

ஜெர்மனியின் தொடராய்வு 1984-ல் மேற்குப் பகுதியில் தொடங்கியது. துருக்கி, இத்தாலி, கிரீஸ், ஸ்பெயின், யூகோஸ்லாவியா நாடுகளிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்குத் தொடக்கத்திலேயே தனி மாதிரி ஒதுக்கினார்கள். பெர்லின் சுவர் விழுந்ததும் 1990 ஜூனில் கிழக்கு ஜெர்மனிக்குள் நுழைந்து கணக்கெடுத்தார்கள். இரு பகுதிக்கும் ஒரே நாணயம் வந்தது ஜூலை 1-ல். பழைய பொருளாதாரத்தின் கடைசி வாரங்களில் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கான பதிவு அப்படித்தான் கிடைத்தது. பிரிட்டனில் 1991-லும் ஆஸ்திரேலியாவில் 2001-லும் இதே வகை ஆய்வுகள் வந்தன. இந்தோனேசியாவில் 1993-ல் 7,224 குடும்பங்களோடு தொடங்கியதுதான் ஏழை நாடுகளுக்கு ஒரு பாடம். இடம்பெயர்ந்தவர்களைத் தீவு தீவாகத் தேடி, 90 சதவீதத்துக்கு மேற்பட்ட குடும்பங்களை அவர்கள் மறுபடி சந்தித்தார்கள். ஏழை நாட்டில் முகவரி தெரியாதவரைத் தேட முடியாது என்ற சாக்கு அதோடு முடிந்தது.

இனி, இங்குள்ள மாணவருக்கு எளிதில் கிடைக்கும் தரவுக்கு வரலாம்.

இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு என்பது மேரிலாந்து பல்கலைக்கழகமும் புதுதில்லியில் உள்ள பயன்முறைப் பொருளாதார ஆய்வுக்கான தேசியக் குழுவும் சேர்ந்து நடத்துவது. சோனால்டே தேசாய், ரீவ் வானமன், அமரேஷ் துபே முதலியோர் வடிவமைத்தது. முதல் சுற்று 2004–05-ல் நடந்தது. 1,503 கிராமங்கள், 971 நகரப் பகுதிகள், 41,554 குடும்பங்கள். இரண்டாம் சுற்று 2011–12-ல், 42,152 குடும்பங்கள். தரவு இலவசம். மிச்சிகன் பல்கலைக்கழகத் தரவுக் காப்பகத்தில் பதிவு செய்துகொண்டு இறக்கிக்கொள்ளலாம். வருமானம், கடன், சாதி, கல்வி, நோய் என்பதோடு நிற்காமல், மணமான 15–49 வயதுப் பெண் ஒருவரிடம் தனியாகவும் பேட்டி எடுத்தார்கள். மருத்துவரிடம் போக யாரிடம் அனுமதி கேட்க வேண்டும், என்ன சமைப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள் என்றெல்லாம் கேட்டார்கள். 8 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு வாசிப்புத் தேர்வும் கணக்குத் தேர்வும் வைத்தார்கள். ஒரே வீட்டைப் பற்றி இத்தனை பக்கங்களையும் ஒன்றாகப் பதிந்த தரவு இந்தியாவில் வேறு அதிகமில்லை.

42,152 என்ற அந்த எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். பழைய குடும்பங்களில் 83 சதவீதத்தை மறுபடி கண்டார்கள். அவற்றிலிருந்து பிரிந்து தனி அடுப்பு வைத்தவர்களையும் சேர்த்தால் 40,018. மீதி 2,134 புதிதாகச் சேர்த்தவை. இந்தப் புதிய வீடுகளுக்கு 2005-ல் எந்தப் பதிவும் கிடையாது. முன்னும் பின்னும் ஒப்பிடும் ஆய்வில் இவற்றுக்கு இடமில்லை. இன்னொரு விஷயம் பலரும் கவனிக்காமல் விடுவது. பிரிந்துபோன குடும்பம் அதே கிராமத்தில் அல்லது அதே நகரில் இருந்தால்தான் பேட்டி. வெளியூர் போயிருந்தால் கிடையாது.

இதன் விளைவைக் கண்முன் காண ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். விழுப்புரம் பக்கம் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்வோம். 2005-ல் ஒரே அடுப்பில் ஆறு பேர்: தகப்பனார் 54, தாய் 47, மூத்த மகன் 27, மருமகள் 22, மகள் 17, இளைய மகன் 14. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய், தலைக்கு 12,000. ஏழு ஆண்டு கழித்துக் கணக்கெடுப்பவர் அதே கதவைத் தட்டுகிறார். தகப்பனார் காலமாகிவிட்டார். மூத்தவர் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் அடுத்த தெருவில் தனிக்குடித்தனம். மகளைத் திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. இளையவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில். வீட்டில் தாய் மட்டும். நூறுநாள் வேலையிலும் ஆடு வளர்ப்பிலும் அவருக்கு ஆண்டுக்கு 12,000 வருகிறது. இளையவர் மாதம் 1,500 அனுப்புவதால் அதில் 18,000. மூத்தவர் வீட்டு வருமானம் 84,000. எல்லாம் 2005 விலைவாசிக்குச் சரிசெய்த தொகை.

இப்போது இந்தக் குடும்பம் முன்னேறியதா, சரிந்ததா?

பழைய குடும்ப எண்ணோடு புதிய குடும்ப எண்ணை அப்படியே இணைத்து, தாய் இருக்கும் வீட்டை மட்டும் எடுத்தால் வருமானம் 72,000-லிருந்து 30,000-ஆகச் சரிந்திருக்கிறது. தலைக்கு என்று பார்த்தால் 12,000 என்பது 30,000-ஆக இரண்டரை மடங்கு. ஆனால் தனியாக வாழும் ஒருவரின் தலைக்கணக்கு ஏமாற்றும். வாடகையும் விளக்கும் அடுப்பும் ஒருவருக்கு ஆனாலும் நால்வருக்கு ஆனாலும் ஏறத்தாழ அதே செலவு. கிளைத்த இரண்டு வீடுகளையும் சேர்த்தால் ஐந்து பேருக்கு 1,14,000, அதாவது தலைக்கு 22,800. ஒரே தரவிலிருந்து மூன்று பதில்கள். அதோடு, உண்மையில் வாழ்க்கை மிகவும் மாறியிருக்கக்கூடிய இருவர், திருப்பூர் போன மகனும் திண்டிவனம் போன மகளும், எந்தப் பதிலிலும் இல்லை.

இந்தக் குழப்பத்திலிருந்து வெளியேற ஒரு நல்ல வழி உண்டு. கணக்கின் அலகைக் குடும்பத்திலிருந்து ஆளுக்கு மாற்றுவது. 2005 பட்டியலில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. அந்த வரியில் அவர் அன்று இருந்த வீட்டின் நிலை, இன்று இருக்கும் வீட்டின் நிலை இரண்டையும் பொருத்த வேண்டும். தாய்க்கு ஒரு கணக்கு, மூத்தவருக்கு ஒரு கணக்கு, காணாமல் போனவருக்கு 'காணவில்லை' என்ற பதிவு. குடும்பம் என்பது பிறந்து, பிரிந்து, கலைந்து போவது. ஆள் அப்படியில்லை. அதே நபரைப் பற்றி இரண்டு காலங்களில் பேசினால்தான் முன்னேற்றம், சரிவு என்ற சொற்களுக்கே பொருள் வருகிறது.

மகள்களின் இழப்பைத் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் ஆய்வேடுகளில் இதுவே அதிகம் கண்டுகொள்ளப்படாத ஓட்டை. 2005-ல் 15 வயதிருந்த பெண்ணுக்கு 2012-ல் 22. அந்த வயதில் பிறந்த வீட்டிலேயே தென்படுபவர்கள் பெரும்பாலும் இன்னும் மணமாகாதவர்கள். இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்களும் அவர்களுக்குள் நிறைய. பதினெட்டில் கட்டிக்கொடுக்கப்பட்டவர் பட்டியலிலிருந்து நழுவிவிட்டார். எஞ்சியவர்களை மட்டும் வைத்துப் 'பெண்கல்வி வேகமாக உயர்ந்திருக்கிறது' என்று எழுதினால், படிப்பை நிறுத்திவிட்டு மணமாகிப் போனவர்களை அழித்துவிட்டு எழுதியதாகவே ஆகும். இதே காலத்துப் பையன்களில் வேலைக்குப் போனவர்கள் காணாமல் போகிறார்கள், ஆனால் வேறு காரணத்துக்காக. இருபாலரையும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிடுவது ஆபத்து.

மணமாகிப் போகும் மகள் எவ்வளவு முக்கியமானவர் என்பதற்கு இன்னொரு தொடராய்வே சாட்சி. ஹைதராபாத் அருகே உள்ள இக்ரிசாட் நிறுவனம் 1975-ல் ஔரேபள்ளே, ஷிராபூர், கன்ஜாரா உள்ளிட்ட மானாவாரிக் கிராமங்களில் ஊருக்கு 40 குடும்பங்கள் வீதம் பின்தொடரத் தொடங்கியது. மார்க் ரோசன்ஸ்வைக்கும் ஓடெட் ஸ்டார்க்கும் 1989-ல் அந்தத் தரவில் ஒன்றைக் கண்டார்கள். விளைச்சல் வருமானம் அதிகம் ஏறியிறங்கும் குடும்பங்கள் மகள்களை அதிகத் தொலைவில் கட்டிக்கொடுத்தன. ஒரு ஊரில் மழை பொய்த்தால் இன்னொரு ஊரில் பெய்திருக்கும். அப்படிச் சம்பந்தம் உள்ள குடும்பங்களின் உணவு நுகர்வு வறண்ட ஆண்டுகளிலும் அவ்வளவாகச் சரியவில்லை. கணக்கெடுப்பில் 'வெளியேறியவர்' என்று ஒரு கட்டத்தில் அடையாளமிடப்பட்ட பெண்ணின் திருமணம்தான் அந்த வீட்டைத் தாங்கிய காப்பீடு. வீட்டுக்குள் மட்டும் பார்க்கும் தரவில் இது தெரியவே தெரியாது.

இந்திய மனித மேம்பாட்டு ஆய்வின் இரண்டாம் சுற்றில் இதற்கு ஓரளவு மருந்து இருக்கிறது. 2005 பட்டியலில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று சொல்லும் பின்தொடரல் கோப்பு ஒன்று தரவோடு வருகிறது. வெளியூரில் வாழும் உறுப்பினர்களுக்கும் தனிக் கோப்பு உண்டு. வருமானக் கோப்பைத் திறப்பதற்கு முன் இவை இரண்டையும் திறந்து, யார் இறந்தார், யார் மணமாகிப் போனார், யார் வேலைக்குப் போனார் என்று வயது வாரியாக, பாலினம் வாரியாக ஓர் அட்டவணை போட்டுக்கொள்வது நல்லது. தன் ஆய்வுக் கேள்விக்கு இந்தத் தரவு தாங்குமா தாங்காதா என்பது பெரும்பாலும் அந்த ஒரே அட்டவணையில் தெரிந்துவிடும்.

அடுத்தது இணைப்பு வேலை. அலுப்பான வேலைதான், ஆனால் பல ஆய்வுகள் சறுக்குவதும் இங்கேதான். மாநில எண், மாவட்ட எண், கிராம எண், குடும்ப எண், பிரிந்த குடும்பத்துக்கான துணை எண், நபர் எண் எல்லாவற்றையும் சேர்த்தால்தான் ஒரு ஆள் தனித்து நிற்பார். ஒன்றை விட்டாலும் இரண்டு வேறு நபர்கள் ஒருவராகிவிடுவார்கள். மென்பொருள் 'இணைந்தது' என்று சொல்லிவிட்டால் மட்டும் போதாது. இணைந்த ஒவ்வொருவரிடமும் பாலினம் ஒன்றுதானா, வயது ஏறத்தாழ ஏழு கூடியிருக்கிறதா, படிப்பு பின்னோக்கிப் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிராமங்களில் வயதை 35, 40, 45 என்று ஐந்தின் மடங்காகச் சொல்வது வழக்கம். அதனால் 2005-ல் 35 என்று சொன்னவர் 2012-ல் 45 என்று சொல்லலாம். இதற்காக அவரைத் தூக்கி எறியக் கூடாது. ஆனால் 2005-ல் எட்டாவது படித்த 30 வயது ஆண், 2012-ல் எழுத்தறிவில்லாத 52 வயது ஆணாக வந்தால் அவர் வேறு ஆள். எங்கே கோடு போடுவது என்பதை ஆய்வாளரே முன்கூட்டி முடிவுசெய்து, அதை எழுதிவைத்து, எல்லோருக்கும் ஒரே மாதிரி பயன்படுத்த வேண்டும். தனக்குப் பிடித்த முடிவு வரும் வரை கோட்டை நகர்த்துவது ஆய்வாகாது.

காலப் பொருத்தம் இன்னொரு பொறி. பல கணக்கெடுப்புகளில் வருமானம் கடந்த ஓராண்டுக்குக் கேட்கப்படுகிறது. உறுப்பினர் பட்டியலோ பேட்டி நாளன்று உள்ளபடி. மூன்று மாதம் முன்பு தனிக்குடித்தனம் போனவரின் சம்பளம் பழைய வீட்டு வருமானத்தில் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். தலைக்கணக்கு ஊதிப் போகும்.

விலைவாசியைச் சரிசெய்யும்போது கிராமத்துக்கு விவசாயத் தொழிலாளர் விலைக் குறியீடு, நகரத்துக்கு ஆலைத் தொழிலாளர் விலைக் குறியீடு என்று தனித்தனியே எடுப்பது வழக்கம். விவசாய வருமானம் நட்ட ஆண்டில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். மடக்கை எடுத்துக் கணக்கிடும் மாணவரின் கோப்பிலிருந்து அந்தக் குடும்பங்கள் சத்தமில்லாமல் விழுந்துவிடும். நட்டப்பட்ட விவசாயி இல்லாத விவசாய ஆய்வாக அது முடியும். வருமானத்தோடு நுகர்வையும் சொத்துகளையும் சேர்த்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

அளவீட்டுப் பிழை ஒரே சுற்றுத் தரவில் செய்யும் தீங்கைவிடத் தொடராய்வில் செய்யும் தீங்கு பெரிது. முதல் சுற்றில் அடிமட்டத்தில் தெரிபவர்களில் சிலர் உண்மையில் அடிமட்டத்தில் இல்லை. அந்த ஆண்டு மழை தவறியிருக்கும், அல்லது வருமானத்தைக் குறைத்துச் சொல்லியிருப்பார்கள். அடுத்த சுற்றில் அவர்கள் வழக்கமான இடத்துக்குத் திரும்புவார்கள். தரவில் அது பிரமாதமான முன்னேற்றமாகத் தெரியும். மேல்தட்டில் இதற்கு நேர்மாறு. ஏழைகள் வேகமாக ஏறுகிறார்கள், பணக்காரர்கள் சரிகிறார்கள் என்று எந்தத் தொடராய்வை எடுத்தாலும் முதல் பார்வையில் தோன்றும். அதை நம்பிக் கட்டுரை எழுதுவதற்கு முன் இரண்டு காரியங்கள் செய்யலாம். நிலம், வீட்டுச் சுவர், கழிப்பறை, வாகனம் போன்ற எளிதில் மறைக்க முடியாதவற்றிலும் அதே ஏற்றம் தெரிகிறதா என்று பார்க்கலாம். இரண்டுக்கு மேற்பட்ட சுற்று இருந்தால் சராசரி எடுக்கலாம்.

இத்தனை எச்சரிக்கைகளுக்குப் பிறகும் தொடராய்வால் மட்டுமே சொல்லக்கூடிய உண்மைகள் இருக்கின்றன. அமித் தோரட், வானமன், தேசாய், துபே நால்வரும் 2017-ல் வெளியிட்ட கட்டுரை இதற்கு நல்ல உதாரணம். 2005-லிருந்து 2012-க்குள் யார் வறுமையிலிருந்து வெளியேறினார்கள், யார் புதிதாக விழுந்தார்கள் என்று அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். தலித், பழங்குடிக் குடும்பங்கள் வறுமையில் விழவும் அதிலேயே நிற்கவும் வாய்ப்பு அதிகம் என்று கண்டார்கள். ஏழையை மேலே தூக்கிவிடும் காரணங்களும், ஏழையல்லாதவரைக் கீழே தள்ளும் காரணங்களும் ஒன்றல்ல என்றும் கண்டார்கள். ஆண்டுக்கு ஆண்டு வேறு குடும்பங்களைக் கேட்கும் கணக்கெடுப்பில், ஏறியவரும் விழுந்தவரும் ஒருவரையொருவர் கழித்துக்கொண்டு வெறும் சதவீதமாக மிஞ்சியிருப்பார்கள்.

ஒரு குடும்பத்தை அதே குடும்பத்தோடு ஒப்பிடும் முறையும் இங்கே கைகொடுக்கிறது. மகளிர் குழுவில் சேர்ந்த வீடுகளையும் சேராத வீடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சாதி, நிலம், பெற்றோர் படிப்பு, ஊரின் தன்மை என்று ஆயிரம் வேறுபாடுகள் குறுக்கே நிற்கும். அதே வீடு சேர்வதற்கு முன், சேர்ந்த பின் என்று பார்த்தால் மாறாத வேறுபாடுகள் எல்லாம் விலகிவிடும். மாறுபவை விலகாது. குழுவில் சேர்ந்த அதே ஆண்டில் மகனுக்கு வேலை கிடைத்திருந்தால் அந்த வீட்டின் கந்துவட்டிக் கடன் குறைந்தது எதனால் என்று இந்த முறை சொல்லாது.

தமிழ்நாட்டுக்குள்ளேயே நடக்கும் ஒரு தொடராய்வைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் விழுப்புரம், கடலூர் வட்டாரத்தில் 2010-ல் பத்துக் கிராமங்களில் 405 குடும்பங்களைக் கணக்கெடுத்தார்கள். கடன், வேலை, சாதி ஆகியவைதான் மையம். 2016-ல் அதே குடும்பங்களிடம் மறுபடி போனார்கள், வெளியூர் போனவர்களையும் தேடினார்கள். பாதி வேலை முடிந்திருந்தபோது நவம்பர் 8-ம் தேதி இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. அறிவிப்புக்கு முன்பு பேட்டி கொடுத்தவர்கள் ஒரு பக்கம், பின்பு கொடுத்தவர்கள் இன்னொரு பக்கம் என்று மாதிரி தானாகவே இரண்டாகப் பிரிந்தது. இரு சாராரைப் பற்றியும் 2010 பதிவு ஏற்கெனவே கையில் இருந்ததால் நம்பி ஒப்பிட முடிந்தது. கையில் ரொக்கம் இல்லாதபோது கூலி எப்படிக் கொடுத்தார்கள், யார் யாரிடம் கடன் வாங்கினார்கள், உறவும் அறிமுகமும் எந்த அளவுக்குத் தாங்கின என்று அந்தக் குழு எழுத முடிந்ததற்குப் பழைய சுற்று ஒன்று இருந்ததே காரணம். மறுபடியும் 2020–21-ல், பெருந்தொற்றுக் காலத்தில் அதே வட்டாரத்துக்குப் போனார்கள். நானூறு சொச்சம் குடும்பங்கள் என்று சிறிதாகத் தெரியலாம். ஆனால் ஒவ்வொரு கடனையும் யாரிடம், எதற்கு, என்ன ஈடு என்று தனித்தனியாகக் கேட்கும் ஆழம் பெரிய தேசியக் கணக்கெடுப்பில் கிடைக்காது.

இன்னும் பழைய மரபு ஒன்றும் இங்கே உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-ல் மாணவர்களை ஊர்களுக்கு அனுப்பிக் கணக்கெடுக்கச் சொன்னார். இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், வடமலாபுரம் முதலிய ஊர்கள் அப்படிப் பதிவாயின. இருவேல்பட்டுக்கு 1930-களில் சில ஆய்வாளர்களும், 1980-களின் தொடக்கத்தில் எஸ். குகன், ஜோன் மென்ச்சர் ஆகியோரும், 2008-ல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோரும் மறுபடி போனார்கள். இங்கே தொடர்ந்தது ஊர், ஆள் இல்லை. நில உடைமை எப்படிக் கைமாறியது, ஊரில் யார் பேச்சு எடுபடுகிறது என்பதற்கு இது நல்ல சான்று. ஊரைவிட்டுப் போனவரின் பேரப்பிள்ளை எங்கே இருக்கிறார் என்பதற்குச் சான்று ஆகாது. அந்த வரம்பு தெரிந்து பயன்படுத்தினால் நூறாண்டு நீளமுள்ள பதிவு வேறு எதுவும் ஈடுசெய்ய முடியாத செல்வம்.

இந்திய அரசின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு இதற்கு எதிர்க்கோடி. 2017-ல் தொடங்கியபோது நகரக் குடும்பங்களை மட்டும் நான்கு காலாண்டுகளில் நான்கு முறை சந்தித்தது. 2025 ஜனவரியிலிருந்து கிராமம், நகரம் இரண்டிலும் அடுத்தடுத்த நான்கு மாதங்களில் நான்கு முறை. இந்த மாதம் வேலை இழந்தவர் அடுத்த மாதம் திரும்பினாரா என்று பார்க்க இது போதும். பிள்ளையின் படிப்பு பதினைந்து ஆண்டு கழித்து என்ன ஆனது என்ற கேள்வியை இதனிடம் கொண்டுபோகக் கூடாது.

ஆய்வேட்டின் தரவு அத்தியாயத்தை எழுதும்போது இழப்பை மறைக்காமல் எண்ணாகப் போட வேண்டும். முதல் சுற்றில் இத்தனை பேர், அவர்களில் இறந்தவர் இத்தனை, வீடே கிடைக்காமல் போனவர் இத்தனை, மணமாகிப் போனவர் இத்தனை, வேலைக்குப் போனவர் இத்தனை, இணைப்புச் சோதனையில் தள்ளப்பட்டவர் இத்தனை, கடைசியில் கணக்குக்குள் நின்றவர் இத்தனை என்று படிப்படியாக. அதன் கீழே இன்னொரு சிறு அட்டவணை: நின்றவர்களும் நழுவியவர்களும் முதல் சுற்றில் எப்படி இருந்தார்கள் என்று வயது, சாதி, நிலம், வருமானம், நகரமா கிராமமா வாரியாக ஓர் ஒப்பீடு. நழுவியவர்கள் நகரவாசிகளாகவும் நிலமற்றவர்களாகவும் இருந்தால், எஞ்சியவர்களில் அவர்களைப் போன்றவர்களின் எடையைக் கூட்டிச் சரிசெய்யும் முறைகள் உண்டு. அவற்றைச் செய்த பிறகும் செய்வதற்கு முன்பும் உள்ள முடிவுகளை இரண்டு பத்திகளாக அருகருகே அச்சிட வேண்டும். தேர்வாளர் முதலில் புரட்டிப் பார்க்கும் பக்கம் அதுவாக இருந்தால் நல்ல தேர்வாளர் என்று பொருள். அந்தப் பக்கத்தைப் பின்னிணைப்பில் ஒளிக்காமல் நூலின் உடம்பிலேயே வைக்கலாம்.